வகுப்பை மாணவர்களிடம் விட்டுவிடலாமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஆசிரியர் தம் பிடியைத் தளர்த்தி மாணவர்களைத் தாமாகக் கற்கவிடுவது பற்றியே கேட்டிருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த ஒரு பொருளுக்கே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். பயிற்சி முகாமில் கேட்டதை நம்பி, அமிலங்களும் காரங்களும் பற்றிய பாடத்தை நான் நடத்தாமல், வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, பாடநூலைப் படித்து அவர்களே செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டேன். சில நாள்களிலேயே வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒவ்வொரு குழுவிலும் நன்றாகப் படிக்கும் ஒருவர் எல்லாவற்றையும் செய்ய, மற்றவர்கள் அவருடைய நோட்டைப் பார்த்து எழுதினார்கள். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "டீச்சர், வகுப்பில் இருக்கிறீர்களா?" என்று பிள்ளைகள் முன்னிலையிலேயே கேட்டார். பழைய முறைக்குத் திரும்பிவிட்டேன். இது நம் பள்ளிகளுக்கு ஒத்துவராதா?
– அறிவியல் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: ஒத்துவரும். ஆனால் நீங்கள் எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். எதைக் கற்பது, எந்த வரிசையில் செல்வது, எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வது, யாருடன் சேர்ந்து செய்வது, கற்றதை எவ்வாறு காட்டுவது, செய்தது சரியா என்பதை யார் சொல்வது என்று ஒரு பாடவேளைக்குள் ஆசிரியர் எடுக்கும் முடிவுகள் பல. நீங்கள் இவை அனைத்தையும் ஒரே நாளில் பிள்ளைகள் தலையில் இறக்கிவைத்துவிட்டீர்கள். ஏழு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் இவற்றுள் ஒன்றைக்கூடத் தாமாகத் தீர்மானித்துப் பழகாதவர்கள், தங்களுக்குத் தெரிந்த வழியில்தான் அதைச் சமாளிப்பார்கள். குழுவில் நன்றாகப் படிப்பவரை ஆசிரியராக்கிவிட்டு, மற்றவர்கள் வழக்கம்போல் பார்த்து எழுதுவார்கள். ஆகவே உங்கள் வகுப்பில் கட்டுப்பாடு இல்லாமல் போகவில்லை. அது கைமாறி, பயிற்சியில்லாத ஐந்தாறு ஆசிரியர்களிடம் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'பாடநூலைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்' என்று சொல்லும்போது, எல்லோராலும் அந்தப் பத்தியைத் தடுமாறாமல் படிக்க முடியும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எட்டாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அவர்களைப் பொறுத்தவரை அந்தச் சுதந்திரம் குழுவில் படிக்கத் தெரிந்தவரை நம்பியிருக்க வேண்டிய நிலையையே தருகிறது. பத்தியை முதலில் நீங்கள் வாய்விட்டுப் படித்து, கடினமான சொற்களைக் கரும்பலகையில் விளக்கிய பிறகு குழுக்களை விட்டிருந்தால், பார்த்து எழுதியவர்களில் பாதிப் பேராவது வேலையில் இறங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

அதே பாடத்தை எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் விடலாம், எந்த இடத்தில் விடக்கூடாது என்று பார்ப்போம். சுண்ணாம்புத் தெளிநீர் கண்ணில் பட்டால் என்ன ஆகும், எதையும் ஏன் சுவைத்துப் பார்க்கக்கூடாது, நிறங்காட்டி (அமிலத்திலோ காரத்திலோ நிறம் மாறி அதைக் காட்டிக்கொடுக்கும் பொருள்) என்றால் என்ன என்பவற்றை நீங்களே நேராக, தெளிவாக, சுருக்கமாகக் கற்பித்துவிட வேண்டும். இவற்றைப் பிள்ளைகள் 'கண்டுபிடிக்க' வேண்டிய தேவை இல்லை. அதன்பின் மஞ்சள் தடவிக் காயவைத்த தாள்களையும், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், சோப்பு நீர், சுண்ணாம்புத் தெளிநீர், குடிநீர் ஆகியவற்றையும் கொடுத்து, எதை முதலில் சோதிப்பது, முடிவுகளை எப்படிக் குறிப்பது என்ற இரண்டை மட்டும் அவர்களிடம் விடுங்கள். சோதிக்கும் முன், ஒவ்வொருவரும் தாம் எதிர்பார்ப்பதைத் தம் நோட்டில் தனித்தனியே எழுதிவிட வேண்டும். இந்த ஒரு விதி, பார்த்து எழுதும் வழக்கத்தைப் பெருமளவு குறைத்துவிடும். ஏனென்றால் அந்த நேரத்தில் பார்த்து எழுதுவதற்குச் சரியான விடை யாரிடமும் இருக்காது.

சோப்பு நீரிலும் சுண்ணாம்பு நீரிலும் மஞ்சள் தாள் சிவக்கும். எலுமிச்சையிலும் புளியிலும் குடிநீரிலும் அப்படியே இருக்கும். இப்போது ஏதாவது ஒரு குழு நிச்சயமாக எழுதும்: 'எலுமிச்சைச் சாறு தாளை மாற்றவில்லை, ஆகவே அது அமிலமும் இல்லை, காரமும் இல்லை.' பாடம் தொடங்கும் இடம் இதுதான். ஆசிரியர் அங்கே இல்லாவிட்டால் அந்தத் தவறான முடிவு நோட்டில் நிலைத்துவிடும். ஆசிரியர் உடனே திருத்திவிட்டால் சோதனை செய்ததற்கே பொருளில்லாமல் போகும். நீங்கள் செய்ய வேண்டியது, "தண்ணீரிலும் மாறவில்லை, எலுமிச்சையிலும் மாறவில்லை, அப்படியானால் இரண்டும் ஒன்றா?" என்று கேட்டுவிட்டு, செம்பருத்தி இதழ் ஊறிய நீரை ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு, அடுத்த குழுவுக்குப் போய்விடுவது. செம்பருத்திச் சாறு அமிலத்தில் அடர்ந்த இளஞ்சிவப்பாகவும், காரத்தில் பச்சையாகவும் மாறும். மஞ்சள் தாள் காரத்தை மட்டுமே காட்டிக்கொடுக்கும், அமிலத்தையும் நடுநிலைப் பொருளையும் அதனால் பிரித்துக் காட்ட முடியாது என்ற வாக்கியத்தைப் பிள்ளைகள் தம் சொந்தச் சொற்களில் எழுதும்போது, அது நீங்கள் சொல்லிக்கொடுத்த வாக்கியமாக இராது. ஆனால் அந்தக் கிண்ணம் அங்கே வந்தது உங்கள் திட்டத்தால்தான்.

சத்தத்தைப் பற்றி ஒரு சொல். சத்தம் எவ்வளவு என்று பார்ப்பதைவிட, ஒரு குழுவின் அருகே சிறிது நேரம் நின்று எதைப் பற்றிய சத்தம் என்று கேட்டுப் பாருங்கள். தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே தெரிவித்து, ஒரு பாடவேளை வந்து உட்காருமாறு அழைப்பதும் நல்லது. குழந்தைகளை மையமாகக் கொண்டு, செயல்பாடு, தேடல், கண்டறிதல் வழியே கற்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவே சொல்கிறது என்பதையும் அவரிடம் பணிவாக நினைவூட்டலாம்.

கேள்வி: என் மகள் தனியார் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். "நாங்கள் பாடம் நடத்துவதில்லை, குழந்தைகளே தேடிக் கற்கிறார்கள்" என்று பெற்றோர் கூட்டத்தில் பெருமையாகச் சொல்கிறார்கள். மாலையில் பின்னக் கணக்கை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டணத்தையும் கட்டிவிட்டுப் பாடத்தையும் நானே நடத்துவதற்குப் பள்ளி எதற்கு?
– தந்தை, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டி 'ஏழில் இரண்டு' என்று எழுதுவது உலகெங்கும் குழந்தைகள் செய்யும் தவறு. தாமாகத் தேடும் குழந்தை இந்த விதியைத் தாமாகவே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த மகிழ்ச்சியும் அதற்கு இருக்கும். ஏழில் இரண்டு மூன்றில் ஒன்றைவிடச் சிறியது, கூட்டிய பிறகு எப்படிக் குறையும் என்று கேட்க அங்கே ஒருவர் வேண்டும்.

கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவர் 2006இல் எழுதிய கட்டுரை இதைத்தான் வலியுறுத்தியது. மனித மனத்தின் செயல்நினைவு, அதாவது யோசிக்கும்போது விவரங்களைச் சற்று நேரம் பிடித்துவைத்திருக்கும் நினைவு, ஒரே நேரத்தில் சிலவற்றை மட்டுமே தாங்கும். ஒரு துறையில் முற்றிலும் புதியவரிடம் வழிகாட்டாமல் சிக்கலைக் கொடுத்தால், தேடுவதிலேயே அந்தத் திறன் செலவாகி, கற்பதற்கு மிச்சமிருக்காது என்பது அவர்கள் வாதம். அதற்கு மறுப்பாக அடுத்த ஆண்டே எழுதியவர்கள், நல்ல தேடல்வழிக் கல்வியில் வழிகாட்டல் நிறையவே உண்டு, அது விரிவுரை வடிவில் இராது, அவ்வளவுதான் என்றார்கள். கூர்ந்து பார்த்தால், இரு தரப்பும் குழந்தையைத் தனியே விடுவதை ஆதரிக்கவில்லை.

'குழந்தைகளே கற்கிறார்கள்' என்பவர்கள் சுகதா மித்ராவை மேற்கோள் காட்டுவது வழக்கம். 1999இல் டெல்லி கல்காஜியில் ஒரு சுவரில் கணினியைப் பதித்துவைத்து, குடிசைப் பகுதிக் குழந்தைகள் தாமாகவே அதை இயக்கப் பழகியதைக் காட்டியவர் அவர். பின்னர் காளிக்குப்பம் என்ற ஊரில், தமிழ் பேசும் குழந்தைகள் ஆங்கிலத்தில் இருந்த மூலக்கூறு உயிரியலைக் கணினி வழியாக எவ்வளவு தூரம் கற்க முடியும் என்றும் சோதித்தார். அவர்கள் ஓரளவு கற்றார்கள். ஆனால் அந்தப் பாடமே தெரியாத ஓர் இளம்பெண் உடனிருந்து, விசாரித்து, ஊக்கப்படுத்திய பிறகுதான் மதிப்பெண் மேலும் உயர்ந்தது. எனக்கு அந்தச் சோதனையில் முக்கியமாகப்படுவது இந்தப் பகுதியே.

பள்ளியிடம் இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். என் மகளின் பின்னக் கணக்கில் எந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது? அதற்காகப் போன வாரம் ஆசிரியர் என்ன செய்தார்? இவற்றுக்கு அவள் நோட்டைக் காட்டிப் பதில் சொல்ல முடிந்தால், அவர்கள் பாடம் நடத்தாமலில்லை, வேறு விதமாக நடத்துகிறார்கள். சொல்ல முடியாவிட்டால், உங்கள் ஐயம் சரி.

கேள்வி: செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தபோது நான் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். நாற்காலியை எடுத்துவிட்டுப் பாயில் உட்காரச் சொன்னார்கள். அட்டை, தட்டு, ஏணிப்படி எல்லாம் வந்தன. சில ஆண்டுகளில் அலமாரிக்குள் போய்விட்டன. இப்போது மறுபடியும் 'மாணவரே கற்கட்டும்' என்ற பேச்சு. திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே சட்டாம்பிள்ளை இல்லையா? இதில் புதிது என்ன?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

பதில்: வாத்தியாருக்குத் துணையாக இளைய பிள்ளைகளைக் கவனித்த மூத்த மாணவரான சட்டாம்பிள்ளையிலிருந்தே தொடங்குவோம் ஐயா, ஏனென்றால் அவர் இங்கிலாந்து வரைக்கும் போனவர். சென்னை எழும்பூரில் இருந்த ஆண்கள் அனாதை விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் விடுதியிலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் அதற்கு ஒத்துழைக்காததால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். அது பலித்தது. நாடு திரும்பி 1797இல் அவர் வெளியிட்ட அறிக்கையிலிருந்து பரவியதுதான், அங்கே 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்ற, மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாடு. ஆயினும் அதில் மாணவர் எதையும் தாமாகத் தீர்மானிக்கவில்லை. மனப்பாடத்தைக் கேட்பவர் மாறினார், மனப்பாடம் மாறவில்லை. சட்டாம்பிள்ளையின் கையில் இருந்தது வாத்தியாரின் அதிகாரத்தில் ஒரு பங்கு, சில வேளைகளில் அவருடைய பிரம்பும்கூட. முதல் கடிதம் எழுதிய ஆசிரியையின் வகுப்பில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே.

செயல்வழிக் கற்றல் வேறு வகை. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலியில், சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைத் தழுவி, எம்.பி.விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003இல் சென்னையின் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அது தொடங்கியது. 2007-08இல் மாநிலத்தின் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குச் சென்றது. பாடம் சிறு படிகளாக உடைக்கப்பட்டு, அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு, குறைதீர்ப்பு என ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு வேலை இருந்தது. குழந்தை, அந்தப் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப்படிப் படத்தைப் பார்த்துத் தன் இடத்தைத் தானே அறிந்து, தனக்குரிய அட்டையை எடுத்து, உரிய குழுவில் போய் உட்காரும். ஆசிரியரின் துணை முழுதும் வேண்டிய குழு, ஓரளவு வேண்டிய குழு, சக மாணவர் துணையோடு செய்யும் குழு, தனியே செய்யும் குழு என்று வகுப்பு பிரிந்திருக்கும். குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது வேகத்தின் மீதான உரிமை மட்டுமே. எதைக் கற்பது, எந்த வரிசையில் என்பது அட்டைகளில் முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. அந்த ஓர் உரிமையின் மதிப்பு சிறிதன்று. நடவுக்கோ அறுவடைக்கோ பெற்றோருடன் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பும் குழந்தைக்குப் பழைய முறையில் பாடம் பத்து நாள் தள்ளிப் போயிருக்கும். இந்த முறையில் விட்ட அட்டை அங்கேயே காத்திருக்கும். இதற்காகவே அந்த முறையை நான் இன்றும் மதிக்கிறேன்.

அலமாரிக்குப் போனது ஏன்? அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ஏணியின் நடுவில் ஓர் அட்டை இல்லாவிட்டால் பத்துக் குழந்தைகள் அங்கேயே நிற்பார்கள். 'புத்தகம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை' என்று பெற்றோர் முறையிட்டார்கள். இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டென்று கருதுகிறேன். மாணவருக்குச் சுதந்திரம் கொடு என்பதை ஆசிரியருக்கு உத்தரவாக அனுப்பினோம். பாயில் உட்கார்ந்திருக்கிறாரா, கம்பிப் பந்தலில் படங்கள் தொங்குகின்றனவா, கீழ்மட்டக் கரும்பலகையில் குழந்தைகள் எழுதியிருக்கிறார்களா என்று பார்வையிட வந்தவர்கள் குறித்துக்கொண்டு போனார்கள். ஓர் அட்டை தம் ஊர்க் குழந்தைக்குப் பொருந்தவில்லை என்றால் அதை மாற்றிக்கொள்ளும் துணிவு எத்தனை ஆசிரியர்களுக்கு இருந்தது? தமக்கில்லாத உரிமையை ஒருவர் பிறருக்கு மனமுவந்து கொடுப்பது கடினம். 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். பழைய அட்டைகளின் சாயல் அதில் இருக்கிறது. அதில் ஆசிரியருக்கு எவ்வளவு இடம் என்பதை உங்களைப் போன்றவர்கள்தாம் கேட்க வேண்டும்.

கேள்வி: மலைக்கிராமத்தில் நான் ஒருவன் மட்டுமே ஆசிரியர், ஐந்து வகுப்புகள். கட்டுப்பாட்டை விடுவது பற்றி நகரத்துக்காரர்கள் விவாதிக்கிறார்கள். ஒரு வகுப்பைப் பார்க்கும்போது மற்ற நான்கும் என் பிடியில் இல்லையே!
– இடைநிலை ஆசிரியர், ஜவ்வாது மலை

பதில்: ரிஷிவேலி அட்டைகள் பிறந்ததே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். நீங்கள் அருகில் இல்லாத குழுக்களுக்கு, செய்தது சரியா என்று தாமே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய வேலையைக் கொடுங்கள்: பின்பக்கத்தில் விடை உள்ள அட்டை, இருவர் மாற்றி மாற்றிச் சொல்வதெழுதுதல், புளியங்கொட்டையை எண்ணிப் பார்த்துச் சரிகாணும் கணக்கு. வெறும் 'பார்த்து எழுதுதல்' வேலையைத் தவிருங்கள். அது குழந்தையின் கையை மட்டுமே அசைய வைக்கும். ஒரே எச்சரிக்கை: ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பெண்ணை நாள் முழுதும் சின்ன வகுப்புக்கு உதவியாளராக ஆக்கிவிடாதீர்கள். வீட்டிலும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்பவள் பெரும்பாலும் அவள்தான். அவளுடைய படிப்புக்கும் நேரம் வேண்டும்.

கேள்வி: எங்கள் வேதியியல் ஆசிரியர் பாடங்களைப் பிரித்துக் கொடுத்து எங்களையே 'செமினார்' எடுக்கச் சொல்கிறார். கேட்டால் 'சுயகற்றல்' என்கிறார். பொதுத்தேர்வு வருகிறது. என்ன செய்வது?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, மதுரை

பதில்: பாடத்தைப் பங்குபோட்டுக் கொடுப்பது வேலைப்பிரிவினை, தன் பங்கைத் தயாரித்தவர் அதை மட்டும் கற்பார், மற்றவர்கள் தம் முறை எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். நீங்கள் பேசி முடித்த பிறகு ஆசிரியர் உங்கள் பிழைகளைத் திருத்தி, விட்டுப்போனதை நிரப்பி, வகுப்பைக் கேள்வி கேட்கச் செய்கிறாரா? செய்கிறார் என்றால் அதில் பயன் உண்டு. செய்யாவிட்டால், நாலைந்து பேர் சேர்ந்து போய், "சார், ஒவ்வொரு செமினாருக்கும் பிறகு கடைசிப் பத்து நிமிடம் நீங்கள் பேசினால் எங்களுக்குத் தெளிவாக இருக்கும்" என்று கேளுங்கள். குற்றம் சாட்டாமல் கேட்டால் மறுக்கும் ஆசிரியர்கள் குறைவு.

இதற்கிடையே, உங்கள் கையில் உள்ள சுயகற்றலை விட்டுவிடாதீர்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நீங்கள் எழுதப்போகும் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதன்று. ஆகவே அடிக்கோடிட்டு ஐந்தாவது முறை படிப்பதை நிறுத்திவிட்டு, புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் எழுதி, பிறகு திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு எந்த ஆசிரியரின் அனுமதியும் தேவையில்லை.

கேள்வி: பி.எட். படிக்கிறேன். மாண்டிசோரி முறையில் ஆசிரியர் குறுக்கிடவே கூடாது என்று எங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது. அப்படியானால் ஆசிரியருக்கு அங்கே என்ன வேலை?
– பயிற்சி ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: குறிப்பேடுகள் பாதியைத்தான் சொல்கின்றன. 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்து, அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவர் வகுப்பில் உள்ள ஒரு பொருளை மட்டும் பாருங்கள். மரக்கட்டை ஒன்றில் வெவ்வேறு அளவில் பத்துக் குழிகள், அவற்றுக்குரிய பத்து உருளைகள். ஓர் உருளையைத் தவறான குழியில் போட்டால், கடைசியில் ஓர் உருளை பொருந்தாமல் மிஞ்சும். 'தவறு' என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. மிஞ்சிய உருளை சொல்லிவிடும். ஆசிரியரின் திருத்தும் வேலை, குழந்தை வருவதற்கு முன்பே பொருளுக்குள் வைக்கப்பட்டுவிட்டது.

அதோடு, அந்தப் பொருளை எப்படிக் கையாள்வது என்று ஆசிரியர் நிதானமாகச் செய்துகாட்டிய பிறகே குழந்தை அதை எடுத்துச் செய்யும். ஒரு பொருளைத் தவறாகப் பயன்படுத்தி விளையாடினாலோ பிறரைத் தொந்தரவு செய்தாலோ அவர் நிச்சயம் தடுப்பார். குறுக்கிடாதே என்பது, குழந்தை வேலையில் ஆழ்ந்திருக்கும் நேரத்துக்கான விதி. உங்கள் பயிற்சிப் பள்ளியில் இதைச் செய்து பார்க்க விலையுயர்ந்த உருளைகள் வேண்டாம். நீங்கள் தயாரிக்கும் பயிற்சித் தாளில், தவறு செய்தால் அது தானாகத் தெரியுமா என்று ஒவ்வொரு கேள்வியாகச் சோதித்துப் பாருங்கள். கற்பித்தல் கருவிகள் கண்காட்சிக்காகத் தெர்மோகோலில் செய்பவற்றுள் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

கேள்வி: என் சிக்கல் நேரெதிரானது. ஒன்பதாம் வகுப்பில் தமிழ் நடத்துகிறேன். கேள்வி கேட்டால் முழு அமைதி. பேச்சைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– தமிழாசிரியை, இராமநாதபுரம்

பதில்: கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்து, பிறகு தாமே பேசத் தொடங்கிவிடுவதைக் கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருப்பது குறைந்தது, மெதுவாகக் கற்பவர்கள் என்று கருதப்பட்டவர்களும் பேசினார்கள், மாணவர்கள் கேட்கும் கேள்விகள் கூடின. மூன்று விநாடி சிறிதாகத் தோன்றும். வகுப்பின் முன் நின்றுகொண்டு அதைத் தாங்குவது எளிதன்று. மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வியும் காத்திருப்புக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். 'செல்வத்துள் செல்வம் செவிச்செல்வம்' என்று சொன்னவர் யார் என்று கேட்டால் யோசிக்க ஒன்றுமில்லை. கண்ணால் கற்பதற்கும் வழி இருக்கும்போது வள்ளுவர் செவிக்கு ஏன் இந்த உயர்வைத் தருகிறார், இன்று எழுதியிருந்தால் அப்படியே எழுதியிருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். முதலில் பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிறகு பொதுவில் கேளுங்கள். அமைதியாக இருக்கும் வகுப்பில் பலருக்கு விடை தெரியாமல் இல்லை, தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சமே இருக்கும். ஒருவரிடம் சொல்லிப் பார்த்ததை நாற்பது பேர் முன் சொல்வது எளிது.

ரோ இன்னோர் இடைவெளியையும் சுட்டிக்காட்டினார்: மாணவர் பதில் சொல்லி முடித்தபின் வருவது. நாம் அங்கே உடனே "நன்று" என்றோ "வேறு யாராவது?" என்றோ சொல்லிவிடுகிறோம், விடை கிடைத்துவிட்டது என்று வகுப்பு பேனாவை மூடிவிடுகிறது. அந்த இடத்தில் எதுவும் சொல்லாமல் இன்னும் மூன்று விநாடி நில்லுங்கள். பேசியவரே தொடர்ந்து ஒரு காரணத்தைச் சேர்ப்பார், சேர்க்காவிட்டால், உங்கள் கருத்தைச் சொல்வதற்கு முன் கடைசி வரிசையில் ஒருவரிடம், "அவர் சொன்னது உனக்குச் சரியாகப்படுகிறதா?" என்று கேளுங்கள்.